மானிட்டரிங் வெல்லுல சாம்பிள் எடுக்கப் போறீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தடித் தண்ணி கெட்டிருக்கான்னு பார்க்கப் போடுற குழாய்க் கிணறுதான் மானிட்டரிங் வெல், அதுல சாம்பிள் எடுக்கப் புதுசா ஃபீல்டுக்கு வர்றவங்க எல்லாரும் சுத்திச் சுத்தி இதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க, ஒவ்வொரு தடவையும் வெயில்ல நின்னு வாயால சொல்லிச் சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். உங்களுக்கு வேணுங்கிறதை மட்டும் படிச்சுக்கலாம், ஆனா பர்ஜ் பத்தின கேள்வியை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

மானிட்டரிங் வெல்லும் சாதாரண போர்வெல்லும் ஒண்ணுதானே?

துளை போடுற வரைக்கும் ஒண்ணுதான், அதுக்கப்புறம் வேற. போர்வெல்லுக்கு தண்ணி வந்தா போதும், மேல் ஊத்து கீழ் ஊத்துன்னு எல்லாம் கலந்து வந்தாலும் சந்தோஷம். மானிட்டரிங் வெல்லுல நமக்கு வேண்டியது தகவல், அதனால குறிப்பிட்ட ஒரு ஆழத்துல இருக்கிற தண்ணி மட்டும்தான் உள்ள வரணும். பெரும்பாலும் 2 இன்ச் பிவிசி பைப்பா இருக்கும், அடியில சில மீட்டருக்கு மட்டும் மெல்லிசா கீறல் போட்ட ஸ்க்ரீன், அதைச் சுத்தி சலிச்சுக் கழுவின மணல், மணலுக்கு மேல பென்டோனைட் களிமண், அதுக்கு மேல சிமெண்ட் கலவை, தரைக்கு மேல பூட்டு போட்ட இரும்பு மூடி. பென்டோனைட் தண்ணி பட்டா ஊதிப் பெருத்து இடைவெளியை அடைச்சிடும், மேல இருந்து மழைத்தண்ணி பைப்போட வெளிப்பக்கமா வழிஞ்சு இறங்காம இருக்கத்தான் அது. அந்த அடைப்பு சரியில்லன்னா நீங்க எவ்ளோ ஒழுங்கா எடுத்தாலும் பாட்டில்ல வர்றது மேல கொட்டின தண்ணிதான்.

பக்கத்துலயே மோட்டார் போட்ட போர் ஒண்ணு ஓடுது, அதுல ஒரு பாட்டில் பிடிச்சா ஆகாதா?

"இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா"ங்கிறது கேள்வின்னா தாராளமா அதுலயே பிடிங்க, குடிக்கிறது அந்தத் தண்ணியைத்தானே. "தொட்டியில இருந்து கசிஞ்சது எது வரைக்கும் பரவியிருக்கு"ன்னு கேள்வின்னா அந்த போர் உதவாது. நாலு பக்கத்து நல்ல தண்ணியையும் சேர்த்து இழுத்து கெட்டதை நீர்த்துப்போக வச்சிடும், ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லன்னு வரும்.

எத்தனை வெல் வேணும்?

தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியவே குறைஞ்சது 3 வேணும், அதுவும் ஒரே நேர்கோட்டுல இல்லாம முக்கோணமா. மூணுலயும் நீர்மட்டத்தை கடல்மட்டம் மாதிரி ஒரே பொது மட்டத்துல இருந்து கணக்குப் பண்ணினாத்தான் சரிவு எந்தப் பக்கம்னு வரையலாம். தரை சாயுற பக்கமே அடியிலயும் தண்ணி ஓடும்னு நினைச்சுடாதீங்க, பல இடத்துல அப்படி இருக்காது. ஓட்டத்துக்கு மேல்பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம், ஒண்ணாவது இருக்கணும், அது இல்லாம கீழ்பக்கத்துல உப்பு அதிகமா இருக்குன்னு சொன்னா "அது இந்த மண்ணோட குணம்"னு எதிர்ப்பக்கத்துக்காரங்க ஒரே வரியில தள்ளிடுவாங்க.

மூடியைத் திறந்ததும் முதல்ல என்ன பண்ணணும்?

முகத்தை நேரா மேல கொண்டுபோகாதீங்க, அதுதான் முதல் வேலை. காத்து உங்க முதுகுப் பக்கமா அடிக்கிற மாதிரி நின்னு திறங்க. பைப்புக்குள்ள ஆவி தேங்கியிருக்கலாம், இரும்பு மூடிக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கலாம், தேள் இருக்கலாம், எனக்கு ரெண்டும் நடந்திருக்கு. திறந்து கொஞ்ச நேரம் விடுங்க, உள்ளே காத்து அடைபட்டிருந்தா நீர்மட்டம் தள்ளாடி நிலைக்கு வர நேரம் எடுக்கும்.

அப்புறம் நீர்மட்டம், பம்ப்பையோ டியூபையோ உள்ள விடுறதுக்கு முன்னாடியே. பைப் விளிம்புல ஒரு கோடோ வெட்டோ போட்டிருப்பாங்க, எப்பவும் அந்த இடத்துல இருந்துதான் அளக்கணும், விளிம்பு பல நேரம் சாய்வா வெட்டியிருக்கும், எதிர்ப்பக்கத்துல அளந்தா ஒரு சென்டிமீட்டர் போயிடும். தட்டையான நிலத்துல ரெண்டு வெல்லுக்கு நடுவுல மொத்த வித்தியாசமே சில சென்டிமீட்டர்தான் இருக்கும், அங்க அந்த ஒரு சென்டிமீட்டர் ஓட்டத்தோட திசையையே மாத்திக் காட்டும். முடிஞ்சா எல்லா வெல்லோட மட்டத்தையும் முதல்ல ஒரே சுத்துல அளந்துட்டு அப்புறம் சாம்பிளுக்குப் போங்க, காலையில ஒண்ணும் மறுநாள் ஒண்ணும் அளந்தா வரைபடம் கதை சொல்லும்.

மேல எண்ணெய் மிதக்குற மாதிரி இருந்தா?

நிறுத்துங்க. பெட்ரோல், டீசல் மாதிரி லேசானது தண்ணி மேல மிதக்கும், டிரைகுளோரோஎத்திலீன் மாதிரி துணியை ட்ரை க்ளீன் பண்ற, இரும்புல எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுற கரைப்பான்கள் கனமானதால அடிக்குப் போயிடும். எண்ணெய்ப் படலம் எவ்ளோ கனம்னு அளக்க இன்டர்ஃபேஸ் ப்ரோப்னு ஒரு கருவி இருக்கு, எண்ணெய்ல ஒரு சத்தம், தண்ணில ஒரு சத்தம் போடும். படலத்தோட அளவை எழுதிக்கங்க, வேலை குடுத்தவங்களுக்குச் சொல்லுங்க. அந்த எண்ணெயைத் தண்ணி சாம்பிள்னு சொல்லி பாட்டில்ல அடைச்சு லேபுக்கு அனுப்பாதீங்க, அவங்க மெஷின் நாறிப்போய் நாலு நாளைக்கு ஓடாது, உங்களை வாழ்நாள் முழுக்கத் திட்டுவாங்க.

பர்ஜ் பண்றதுன்னா என்ன, ஏன் நல்ல தண்ணியை வீணாக் கொட்டணும்?

அது நல்ல தண்ணி இல்லங்க, பழைய தண்ணி. மூணு மாசமா பைப்புக்குள்ள நின்ன தண்ணி காத்தோட உறவாடிட்டு இருந்திருக்கும், ஆவியாகுற ரசாயனம் மேல போயிருக்கும், கரைஞ்சிருந்த இரும்பு ஆக்சிஜன் பட்டு துருவா படிஞ்சிருக்கும், படியும்போது ஆர்செனிக் இருந்தா அதையும் ஒட்டிக்கிட்டு கீழ போயிருக்கும். அதை அப்படியே மொண்டு அனுப்புனா ரிப்போர்ட் அந்தப் பைப்பைப் பத்திப் பேசும், நிலத்தைப் பத்திப் பேசாது. நிலத்துல இருந்து இப்ப வர்ற தண்ணி கையில வர்ற வரைக்கும் பழசை வெளியேத்துறதுதான் பர்ஜ்.

பழைய முறை என்னன்னா பைப்புல நிக்கிற தண்ணியோட அளவைப் போல 3 மடங்குல இருந்து 5 மடங்கு வரை இறைக்கிறது. கணக்கு சுலபம், 2 இன்ச் பைப்புல ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் நிக்கும், 4 இன்ச்ல 8 லிட்டர். வெல் ஆழம் 15 மீட்டர், நீர்மட்டம் 9 மீட்டர்ல இருக்குன்னா நிக்கிறது 6 மீட்டர், அதாவது 12 லிட்டர், மூணு மடங்குன்னா 36 லிட்டர் இறைக்கணும். 4 இன்ச் பைப்பா இருந்தா அதே வெல்லுக்கு கிட்டத்தட்ட 144 லிட்டர், அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது சொல்லுங்க.

இந்தத் தொல்லைக்காகத்தான் லோ ஃப்ளோ முறை வந்துச்சு, 1996-ல அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ இதைப் பத்தி ஒரு வழிகாட்டி போட்டதுக்கு அப்புறம் நல்லாப் பரவிடுச்சு. பம்ப்போட வாயை ஸ்க்ரீன் நடுவுல நிறுத்தி நிமிஷத்துக்கு 100-ல இருந்து 500 மில்லிக்குள்ள மெதுவா இழுக்கணும், நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல இறங்கக் கூடாது. அப்படி மெதுவா இழுத்தா மேல நிக்கிற பழைய தண்ணி அசையாம அப்படியே நிக்கும், ஸ்க்ரீனுக்குள்ள பக்கவாட்டுல இருந்து புதுத்தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். வர்ற தண்ணியை ஃப்ளோ செல் (மீட்டரோட முனைகள் உள்ள உக்காந்திருக்கிற சின்ன மூடின டப்பா) வழியா விட்டு 3-ல இருந்து 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து எழுதுங்க. தொடர்ந்து மூணு தடவை பிஎச் 0.1-க்குள்ள, கண்டக்டிவிட்டி (மின்சாரம் கடத்துற திறன்) 3 சதவீதத்துக்குள்ள, ஓஆர்பி (ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம்) 10 மில்லிவோல்ட்டுக்குள்ள, கரைஞ்ச ஆக்சிஜனும் கலங்கலும் 10 சதவீதத்துக்குள்ள நின்னுச்சுன்னா சரி, பழசு போயி புதுசு வந்துடுச்சுன்னு அர்த்தம். இதுல பிஎச் சீக்கிரமே நின்னுடும், அதை மட்டும் நம்பி மூட்டை கட்டிடாதீங்க. ஆக்சிஜனும் கலங்கலும்தான் கடைசியா அடங்கும், பொறுமையைச் சோதிக்கிறதும் அதுங்கதான்.

இன்னொண்ணு, பாட்டில்ல பிடிக்கும்போது ஃப்ளோ செல்லைக் கழட்டிட்டு அதுக்கு முன்னாடி இருக்கிற டியூப்ல இருந்து நேரா பிடிக்கணும். செல்லுக்குள்ள போயிட்டு வந்த தண்ணியைப் பிடிக்காதீங்க.

ஒரு மணி நேரமாச்சு, நம்பர் நிக்கவே மாட்டேங்குது!

முதல்ல மீட்டரைச் சந்தேகப்படுங்க, நிலத்தை அப்புறம் சந்தேகப்படலாம். டியூப்ல காத்துக்குமிழி ஓடுதா, ஜாயிண்ட் லூசா இருக்கா, டியூப் வெயில்ல நீளமாக் கிடந்து தண்ணி சூடாகுதா, காலையில காலிப்ரேஷன் (தெரிஞ்ச கரைசல்ல மீட்டரைச் சரிபார்க்கிறது) பண்ணீங்களா இல்ல நேத்து பண்ணினதே போதும்னு விட்டீங்களா. பம்ப்பை இறக்கும்போது அடியில இடிச்சிருந்தா வண்டல் கிளம்பி கலங்கல் அடங்காது, மெல்ல இறக்கணும்னு சொல்றது அதுக்குத்தான். எல்லாம் சரியா இருந்தும் நிக்கலன்னா எவ்ளோ நேரம் இறைச்சீங்க, என்ன நம்பர் வந்துச்சுன்னு எழுதிட்டு சாம்பிளை எடுத்துடுங்க. நிக்காததை நின்ன மாதிரி எழுதுறது மட்டும் வேணாம், ஒரு வருஷ நம்பரை வரிசையா வச்சுப் பார்க்கிறவங்களுக்கு அது பளிச்சுன்னு தெரியும்.

வெல் வத்திப்போயிடுச்சே?

களிமண் பகுதியில இது சகஜம். முதல்ல வேகத்தைக் குறைச்சுப் பாருங்க. அப்பவும் வத்துதுன்னா முழுசா வத்தவிட்டு, மறுபடி ஊறினதும் பாட்டிலுக்குத் தேவையான அளவு வந்தவுடனே எடுத்துடுங்க, 24 மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போடாதீங்க. ஸ்க்ரீன் வழியா சொட்டுச் சொட்டா வழிஞ்ச தண்ணியில ஆவியாகுற சமாச்சாரம் கொஞ்சம் போயிருக்கும், அந்த ரிசல்ட்டுக்குப் பக்கத்துல "வத்தி ஊறின வெல்"னு ஒரு குறிப்பு இருக்கணும்.

பெய்லர் போதாதா? பம்ப்பெல்லாம் யாரு தூக்கிட்டு அலையிறது?

பெய்லர்னா கயித்துல கட்டி இறக்குற, அடியில ஒரு கோலி வால்வு வச்ச நீளக் குழாய், கிணத்து வாளியோட ஒல்லியான தம்பின்னு வச்சுக்கங்க. விலை கம்மி, பேட்டரி வேணாம், ரிப்பேர் ஆகாது. ஆனா ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் தண்ணியைக் கலக்கி விடும், கலங்கல் ஏறும், மெட்டல் ரிசல்ட் ஏறும், கூடவே காத்தும் கலக்கும். உப்பு, நைட்ரேட் மாதிரி பாக்கிறதுக்குப் பரவாயில்ல. ஆவியாகுறதும் மெட்டலும் பாக்கணும்னா எனக்கு பெய்லர் மேல நம்பிக்கை கிடையாது. அப்படி பயன்படுத்தியே ஆகணும்னா தொபுக்கடீர்னு விடாம பூ மாதிரி இறக்குங்க, கயிறு தரையில புரளாமப் பாத்துக்கங்க.

டியூபை வெளியில இருந்து உருளையால பிதுக்கி இழுக்கிற பெரிஸ்டால்டிக் பம்ப் லேசா, கைக்கு அடக்கமா இருக்கும், தண்ணி டியூபை மட்டும்தான் தொடும். ஆனா மேல இருந்து உறிஞ்சுற எந்த பம்ப்பும் 7, 8 மீட்டருக்குக் கீழ இருந்து தூக்காது, காத்தழுத்தம் அவ்ளோதான் தாங்கும். உறிஞ்சும்போது ஆவியாகுறது கொஞ்சம் பிரிஞ்சும் போயிடும். ஆழமான வெல்லுக்கு பிளாடர் பம்ப்தான் எனக்குப் பிடிச்சது, உள்ள ஒரு பையை வெளியில இருந்து காத்தடிச்சு நசுக்கும், தண்ணியில காத்து படவே படாது. பர்ஜே பண்ணாம, காய்ச்சி வடிச்ச தண்ணி நிரப்பின பிளாஸ்டிக் பையை ஸ்க்ரீன்ல தொங்கவிட்டு குறைஞ்சது ரெண்டு வாரம் கழிச்சு எடுக்கிற முறையும் இருக்கு, ஆவியாகுற ரசாயனங்களுக்கு நல்லா வேலை செய்யும், மெட்டலுக்கு அந்தப் பை ஆகாது.

எந்த பாட்டிலை முதல்ல நிரப்பணும்?

ஆவியாகுறதுக்கான சின்ன 40 மில்லி குப்பி முதல்ல, எப்பவும். அதுக்கப்புறம் மத்த ஆர்கானிக் (கரிம ரசாயனம்), அப்புறம் மெட்டல், கடைசியா உப்பு, நைட்ரேட் மாதிரி. ஓடிப்போறதை முதல்ல பிடி, உக்காந்திருக்கிறதை அப்புறம் பிடிச்சுக்கலாம், அவ்ளோதான் லாஜிக்.

அந்தச் சின்னக் குப்பியைத் தண்ணி விளிம்புக்கு மேல முட்டை மாதிரி உப்பி நிக்கிற வரைக்கும் சுவரோரமா மெதுவா நிரப்பி மூடணும், கவுத்து ஒரு தட்டு தட்டிப் பாருங்க, குமிழி தெரிஞ்சா அது போச்சு, திறந்து கொஞ்சம் ஊத்தி சமாளிக்காம புதுக் குப்பி எடுங்க. உள்ளே ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சொட்டு இருக்கும், நிரம்பி வழியவிட்டா அது போயிடும். அதே காரணத்துக்காகத்தான் லேப் குடுத்த எந்த பாட்டிலையும் "சும்மா ஒரு அலசு" அலசாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறோம்.

மெட்டல் சாம்பிளை ஃபில்டர் பண்ணணுமா?

கரைஞ்ச மெட்டல் கேட்டிருந்தா 0.45 மைக்ரான் ஃபில்டர் வழியா வெல் பக்கத்துலயே நின்னு வடிகட்டி அப்புறம்தான் நைட்ரிக் ஆசிட் இருக்கிற பாட்டில்ல விடணும். மொத்த மெட்டல் கேட்டிருந்தா வடிகட்டாம விடணும். வடிகட்டாத கலங்கல் தண்ணியில ஆசிட் விட்டா மண்துகள்ல ஒட்டியிருந்த இரும்பு, ஈயம் எல்லாம் கரைஞ்சு வந்துடும், அப்புறம் நிலத்தடி நீர்ல ஈயம்னு ஊரே அலறும், உண்மையில அது ரெண்டு சிட்டிகை மண்ணு. பாட்டிலை லேபுக்குக் கொண்டுபோய் அங்க வடிகட்டிக்கலாம்னு சிலர் சொல்வாங்க, போய்ச் சேர்றதுக்குள்ள இரும்பு துருவாகி அடியில உக்காந்திருக்கும்.

எவ்ளோ நேரத்துக்குள்ள லேபுக்குப் போகணும்?

பார்க்கிற பொருளைப் பொறுத்தது. ஆறு இணைதிற குரோமியத்துக்கு வழக்கமா 24 மணி நேரம், நைட்ரேட்டுக்கு 48 மணி நேரம், ஆசிட் போட்ட ஆவியாகுற சாம்பிளுக்கு 14 நாள், பாதரசத்துக்கு 28 நாள், ஆசிட் போட்ட மத்த மெட்டலுக்கு 6 மாசம். கிருமி பாக்கணும்னா அன்னிக்கே போயிடணும். அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் நைட்ரேட் எடுத்துட்டு லேப் திங்கள்தான் திறக்கும்னா நீங்க எடுத்ததே தண்டம். ஐஸ் பெட்டியில நிஜமான ஐஸ்கட்டி போடுங்க, உறைய வச்ச ஜெல் பாக்கெட் பத்தாது, 6 டிகிரிக்குக் கீழ இருக்கணும் ஆனா உறையக் கூடாது, உறைஞ்சா கண்ணாடிக் குப்பி வெடிச்சிடும்.

வெறும் சுத்தத் தண்ணியை வேற பாட்டில்ல அடைச்சு அனுப்பச் சொல்றாங்க, எதுக்கு?

அதுதான் பிளாங்க். எனக்கு இதோட அருமை புரிஞ்சது அசிங்கப்பட்டுத்தான். ஆரம்பத்துல ஒரு சைட்டுல ஜெனரேட்டருக்கு பெட்ரோல் ஊத்திட்டு, கையைத் துணியில துடைச்சிட்டு, அதே க்ளவுஸோட டியூபைப் பிடிச்சு வேலை பார்த்துட்டேன். அஞ்சு வெல்லுலயும் பெட்ரோல்ல இருக்கிற டொலுவீன், மேல்பக்கத்து சுத்தமான வெல்லுலயும் டொலுவீன். அன்னிக்கு எடுத்த பிளாங்க்லயும் அதே டொலுவீன் இருந்ததாலதான் குத்தவாளி நிலம் இல்ல நான்தான்னு தெரிஞ்சது, மொத்தத்தையும் மறுபடி எடுத்தோம்.

ஒரு கணக்கு சொல்றேன். ஒரு சொட்டு பெட்ரோல் ஏறக்குறைய 0.05 மில்லி, எடை 37 மில்லிகிராம். அதுல 1 சதவீதம் பென்சீன்னு வச்சுக்கிட்டா 370 மைக்ரோகிராம். குடிநீர்ல பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆக அந்த ஒரே சொட்டு 37 லிட்டரைக் கெடுக்கப் போதும், உங்க குப்பியோ 40 மில்லி. அதனால ஜெனரேட்டரை காத்து போற பக்கமா தள்ளி வைங்க, பெட்ரோலை முந்தின நாளே ஊத்திடுங்க, ஒவ்வொரு வெல்லுக்கும் புது நைட்ரைல் க்ளவுஸ், சென்ட் அடிச்சிட்டு வராதீங்க.

லேப்ல இருந்தே நிரப்பி வந்து திறக்காமலே திரும்பிப் போறது ட்ரிப் பிளாங்க், கழுவின பம்ப் வழியா சுத்தத் தண்ணியை ஓட்டிப் பிடிக்கிறது எக்விப்மெண்ட் பிளாங்க். ஒரே வெல்லுல ரெண்டு செட் எடுத்து ஒண்ணுக்கு வேற பேர் போட்டு அனுப்புறது டூப்ளிகேட், பத்து சாம்பிளுக்கோ இருபது சாம்பிளுக்கோ ஒண்ணு போடுவாங்க. லேபுக்கு எது டூப்ளிகேட்னு தெரியக் கூடாது.

பிஎஃப்ஏஎஸ் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, வித்தியாசம் இருக்கா?

நிறைய. பிஎஃப்ஏஎஸ்ங்கிறது எளிதுல சிதையாத ஃப்ளோரின் ரசாயனக் குடும்பம், இது லிட்டருக்கு நானோகிராம்ல பார்க்கிற சமாச்சாரம், டெஃப்லான் டேப், டெஃப்லான் டியூப், தண்ணி ஒட்டாத ஜாக்கெட், சில சன்ஸ்க்ரீன், பொட்டலம் கட்டுற வழவழ பேப்பர் எல்லாத்துலயும் அந்த ரசாயனக் குடும்பம் இருக்கலாம். லேப் குடுக்கிற பாலிஎத்திலீன் பாட்டிலோ பாலிபுரொப்பிலீன் பாட்டிலோ மட்டும்தான். பழைய பருத்திச் சட்டையைப் போட்டுட்டு வாங்க.

பர்ஜ் பண்ண தண்ணியை அப்படியே புதர்ல ஊத்திடலாமா?

கெட்டுப்போயிருக்கோன்னு சந்தேகப்பட்டுத்தானே சாம்பிளே எடுக்குறீங்க, அதை மறுபடி அதே மண்ணுல ஊத்துறது எப்படி சரி? டிரம்ல பிடிச்சு, எந்த வெல், எந்த தேதின்னு எழுதி, ரிசல்ட் வர்ற வரைக்கும் மூடி வைங்க, அப்புறம் அந்த இடத்து விதிப்படி அப்புறப்படுத்துங்க.

பம்ப்பை ஒவ்வொரு தடவையும் கழுவணுமா?

ஆமா. பாஸ்பேட் இல்லாத சோப்புத்தண்ணி, சாதாத் தண்ணி, கடைசியா டீஅயனைஸ்டு (உப்பு நீக்கின) தண்ணி. டியூபை முடிஞ்சா வெல்லுக்கு ஒண்ணா வச்சிடுங்க. வரிசையும் முக்கியம், போன தடவை எது சுத்தமா இருந்துச்சோ அதுல ஆரம்பிச்சு மோசமானதுல முடிங்க.

திடீர்னு போன தடவையை விட பத்து மடங்கு வந்திருக்கு, என்ன பண்ணலாம்?

உடனே போன் பண்ணி லேபைத் திட்டாதீங்க. முதல்ல யூனிட்டைப் பாருங்க, மில்லிகிராமும் மைக்ரோகிராமும் மாறியிருக்கும், நான் பார்த்த பாதி கேஸ் இதுதான். அப்புறம் அன்னிக்கு எழுதின ஃபீல்டு ஷீட்டை எடுங்க, கலங்கல் எவ்ளோ இருந்துச்சு, நீர்மட்டம் ஏறியிருந்துச்சா, மழைக்கு அப்புறம் எடுத்ததா, பம்ப் எந்த ஆழத்துல இருந்துச்சு. மழைக்கு அப்புறம் மட்டம் ஏறி, மேல மண்ணுல ஒட்டிக்கிட்டு இருந்தது கரைஞ்சு வந்து அளவு நிஜமாவே ஏறுறதும் உண்டு. பிளாங்க்ல ஏதாவது இருக்கா, டூப்ளிகேட் ஒத்துப்போகுதா. பக்கத்துப் பக்கத்து ரெண்டு வெல்லோட நம்பர் ஒண்ணுக்கொண்ணு இடம் மாறின மாதிரி இருந்தா லேபிள் மாறியிருக்கு, பாட்டிலை நிரப்பிட்டு அப்புறமா ஈரக் கையால பேர் எழுதினா இதுதான் நடக்கும், நிரப்புறதுக்கு முன்னாடியே எழுதி ஒட்டிடணும். செயின் ஆஃப் கஸ்டடி தாள்ல (சாம்பிள் யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சுன்னு எழுதுற தாள்) இருக்கிற நேரமும் பாட்டில் மேல இருக்கிற நேரமும் ஒத்துப்போகுதான்னும் பாருங்க. இது எல்லாம் சரியா இருந்தா, அதே வெல்லுல சீக்கிரமே இன்னொரு தடவை எடுங்க, ரெண்டாவது தடவையும் அதே நம்பர் வந்தா வேலை குடுத்தவங்களுக்கு அன்னிக்கே சொல்லிடுங்க, அடுத்த காலாண்டு ரிப்போர்ட் வரைக்கும் வச்சுக்கிட்டு இருக்காதீங்க.